வால்வை மாற்றுவதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

பழைய வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர்களைப் பழுது பார்ப்பது குறித்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் தெரிவிக்கின்றன. பெட்டியைத் திறந்து பார்த்த மெக்கானிக், வால்வு போய்விட்டது என்றும் அந்த வால்வு இப்போது கிடைப்பதில்லை என்றும் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பெட்டிகள் பலவற்றில் வால்வுகள் நல்ல நிலையில் இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள சிறிய கண்டன்சர்களும் ரெசிஸ்டர்களும்தான் கெட்டிருக்கும். வோல்டேஜை அளந்து பார்க்காமல் எந்த வால்வையும் குறை சொல்லக் கூடாது என்பதே கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் நான் வலியுறுத்துவது.

பதில்களைப் படிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. இந்தப் பெட்டிகளுக்குள் 250 முதல் 500 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் உறையிட்ட கம்பிகளைப் பற்றவைத்து, அதைக் கண்டன்சருக்கும் சேசிஸுக்கும் (உலோக அடித்தட்டு) இடையே சில விநாடிகள் பிடித்து மின்னூட்டத்தை இறக்குங்கள்; மீட்டரில் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிட்டதைப் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். திருப்புளியை வைத்துப் பொறி பறக்கத் தொடும் பழக்கம் கண்டன்சருக்கும் நல்லதல்ல, தொடுகிறவருக்கும் நல்லதல்ல. மின்சார வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பதில்களைப் படித்து, மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

கேள்வி: என் தந்தையார் 1960களில் எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்துவாங்கிய ரெக்கார்டு பிளேயர் ஆம்ப்ளிஃபையர் பரணில் கிடக்கிறது. இஎஃப் 86, இசிசி 83, இரண்டு இஎல் 84, இஇசட் 81 என்று ஐந்து வால்வுகள் இருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடவில்லை. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா? ஐந்து வால்வுகளையும் மாற்றினால்தான் ஓடும் என்கிறார் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். (வாசகர், காரைக்குடி)

பதில்: தயவுசெய்து நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் வால்வுகளின் வரிசையைப் பார்த்தால், இங்கிலாந்தின் முல்லார்டு நிறுவனம் 1954-ல் வெளியிட்ட ‘5-10’ என்னும் சர்க்யூட்டைப் பின்பற்றி உங்கள் பெட்டி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஐந்து வால்வு, பத்து வாட் என்பதே அந்தப் பெயரின் பொருள். வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆர்வலர்களுக்காக வெளியிடப்பட்ட, நல்ல பெயர் எடுத்த சர்க்யூட் அது. உங்கள் தந்தையார் நல்ல பொருளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்; அதைப் பொறுமையாக உயிர்ப்பிப்பது தகும்.

இவ்வளவு காலம் ஓடாத பெட்டியில் முதல் ஆபத்து எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களால்தான் வருகிறது. அவற்றுக்குள் இருக்கும் அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. வோல்டேஜைத் தாங்கி நிற்பது அந்தப் படலம்தான். பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் படலம் நலிந்துவிடும், உள்ளேயிருக்கும் திரவமும் வற்றிவிடும். அந்த நிலையில் ஒரேயடியாக 300 வோல்ட்டைக் கொடுத்தால் கண்டன்சர் வழியே மின்சாரம் கசிந்து, சூடேறி, வெடிக்கக்கூடும்; அதோடு, மாறுமின்சாரத்தை நேராக்கும் ரெக்டிஃபையர் வால்வான இஇசட் 81 கெடும், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்துபோகலாம். கண்டன்சருக்கு ஆகும் செலவு சிறியது. கருகிய டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பக் கட்டுவதோ பெரும்பாடு.

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். ரப்பர் உறை உதிர்ந்துபோன பழைய மெயின்ஸ் வயரை எடுத்துவிட்டு, எர்த்துடன் கூடிய மூன்று கம்பி வயரைப் போட்டு, எர்த்தைச் சேசிஸில் உறுதியாக முடுக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாவிட்டால் ஒன்று சேர்க்க வேண்டும். பிறகு, மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே, வால்வுகளையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையிலிருந்து ஒவ்வோர் இஎல் 84 சாக்கெட்டின் 7ஆம் காலுக்கும் ஓம் அளவு பார்க்க வேண்டும். இரு பக்கமும் சில நூறு ஓம் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் சரி. ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் தவறில்லை. வெளிச்சுற்றுக்குக் கம்பி அதிகம் பிடிக்கும். ஒரு பக்கம் எதுவுமே காட்டவில்லை என்றால் வைண்டிங் அறுந்துவிட்டது என்று பொருள். அப்போது மற்ற செலவுகளை நிறுத்திவிட்டு அதை முதலில் தீர்க்க வேண்டும்.

அடுத்தது சீரிஸ் பல்ப். மெயின்ஸ் லைனில் 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் வழியாகத்தான் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். எல்இடி பல்ப் இதற்குப் பயன்படாது. இஇசட் 81-ஐக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டால், மற்ற நான்கு வால்வுகளின் ஃபிலமென்ட்டுகள் மட்டும் ஏறத்தாழ 2 ஆம்பியர் எடுத்துக்கொண்டு மெல்ல எரியும். பல்ப் முதலில் சற்றுப் பிரகாசமாகி உடனே மங்கிவிடும். பல்ப் முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். பல்ப் மங்கியிருந்து, நான்கு வால்வுகளிலும் சிவந்த இழை தெரிந்தால், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் வால்வுகளின் ஃபிலமென்ட்டுகளும் பிழைத்திருக்கின்றன என்று மகிழலாம்.

பழைய எலக்ட்ரோலிட்டிக்குகளைக் குறைந்த வோல்டேஜில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி மீட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அறுபது ஆண்டு வயதான கண்டன்சரில் நான் அதைச் செய்யமாட்டேன். புதியது போடுவதே முறை. சேசிஸின் மேல் நிற்கும் அலுமினிய டப்பாவை அழகுக்காக அப்படியே விட்டு, அதன் இணைப்புகளை மட்டும் அறுத்து, கீழே புதிய கண்டன்சர்களைப் பொருத்தலாம். இசிசி 83-லிருந்து இஎல் 84-களுக்குப் போகும் பழைய காகிதக் கண்டன்சர்களையும் அப்போதே மாற்றிவிடச் சொல்லுங்கள். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. இவை முடிந்த பிறகு ஸ்பீக்கரை இணைத்து, இஇசட் 81-ஐச் செருகி, மறுபடியும் சீரிஸ் பல்ப் வழியாகவே தொடங்கி, அப்புறம் பல்ப் இல்லாமல் மெயின்ஸில் நேரடியாக இணைக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. சுமையில்லாத நிலையில் சிக்னல் வந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே வோல்டேஜ் எகிறி, இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும்.

வால்வுகளைப் பொறுத்தவரை, கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு போன்று மினுமினுக்கும் பகுதியைப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு போய்விட்டது. மினுமினுப்பு இருக்கும்வரை தூக்கி எறிய வேண்டாம். இஎஃப் 86, இசிசி 83 போன்ற சிறிய வால்வுகள் மிக நீண்ட காலம் உழைப்பவை. அவற்றைத் துடைக்கும்போது கவனம் தேவை: பழைய வால்வுகளின் மேல் அச்சிட்ட எழுத்து விரல் பட்டாலே அழிந்துவிடும், பிறகு எது எந்த வால்வு என்று கண்டுபிடிப்பதே சிரமமாகும். கால்களில் படிந்த கறுப்பைச் சுரண்டிவிட்டு, சாக்கெட்டில் இரண்டு மூன்று முறை செருகி எடுத்தாலே சில சமயம் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும்.

அப்படியும் ஒரு வால்வை மாற்ற வேண்டி வந்தால் கலங்க வேண்டியதில்லை. இஎல் 84-க்கு அமெரிக்கப் பெயர் 6பிக்யூ5. இசிசி 83-க்கு 12ஏஎக்ஸ்7. இந்த இரண்டும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகளில் இன்றும் தயாராகின்றன. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் செய்த வால்வுகள் பழைய ரேடியோ கடைகளின் அலமாரிகளில் இன்னும் அகப்படுவதுண்டு. கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். இறுதியாக, மெக்கானிக்கிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: கழற்றிய பாகங்கள் எல்லாம் ஒரு கவரில், ஒவ்வொரு வால்வின் கால்களிலும் அளந்த வோல்டேஜ் ஒரு தாளில். இதைக் கேட்டதும் தயங்காமல் எழுதித் தருகிறவரிடம் அடுத்த பெட்டியையும் நம்பிக் கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் ரேடியோகிராமில் ஒற்றை இஎல் 84 இருக்கிறது. பாட்டு சில நிமிடங்களில் கரகரக்கிறது. விளக்கை அணைத்துப் பார்த்தால் வால்வின் உள்ளே உலோகத் தகடு செக்கச்செவேலென்று சிவந்திருக்கிறது. புதிய வால்வு போட்டோம், அதுவும் சிவக்கிறது. போலி வால்வா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வால்வு போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. தகடு சிவக்கிறது என்றால் வால்வின் வழியே அளவுக்கு மீறி மின்சாரம் ஓடுகிறது. வால்வைக் கட்டுப்படுத்த வேண்டிய ஏதோ ஒரு பாகம் கடமை தவறுகிறது. மூன்றாவது வால்வையும் பலிகொடுக்காமல், செட்டை உடனே நிறுத்திவையுங்கள்.

முதலில் இஎல் 84 எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். தகட்டில் 250 வோல்ட், கேத்தோடில் (எலக்ட்ரான்களை உமிழும் முனை) 135 ஓம் ரெசிஸ்டர் என்பது அந்த வால்வுக்குத் தயாரிப்பாளர்களே சொல்லும் அமைப்பு. தகட்டில் 48 மில்லி ஆம்பியரும் ஸ்கிரீனில் (தகட்டுக்கு முன்னுள்ள வலை) 5.5 மில்லி ஆம்பியரும் ஓடும். இரண்டும் சேர்ந்து அந்த 135 ஓம் வழியாக இறங்கும்போது கேத்தோடில் ஏறத்தாழ 7.3 வோல்ட் தோன்றும். கிரிட் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் வலை) பூஜ்யத்தில் இருப்பதால், கேத்தோடைப் பார்க்கக் கிரிட் 7.3 வோல்ட் தாழ்ந்து நிற்கிறது; இந்தத் தாழ்வுதான் வால்வை அடக்கி வைத்திருக்கிறது. 250 வோல்ட்டை 48 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 12 வாட் வரும். இஎல் 84-இன் தகடு தாங்கக்கூடிய உச்சவரம்பும் அதே 12 வாட்தான். எனவே இந்த வால்வு எப்போதும் விளிம்பில்தான் வேலை செய்கிறது, சிறிது மீறினாலும் சிவந்துவிடும்.

இப்போது உங்கள் கோளாறுக்கு வருவோம். முந்தைய வால்வின் தகட்டிலிருந்து இஎல் 84-இன் கிரிட்டுக்குச் சிக்னலைக் கடத்த ஒரு சிறிய கண்டன்சர் இருக்கும். அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 100 வோல்ட், மறுபக்கம் பூஜ்யம் இருக்க வேண்டும். பழைய காகிதக் கண்டன்சரில் ஈரம் புகுந்து, 20 மெகா ஓம் அளவுக்குக் கசிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிரிட் ரெசிஸ்டர் 1 மெகா ஓம் என்றால், அந்த 100 வோல்ட்டில் ஏறத்தாழ 5 வோல்ட் கிரிட்டில் வந்து உட்கார்ந்துவிடும். 7.3 வோல்ட் தாழ்வில் பெரும்பகுதி அதனால் அடிபட்டுப் போக, வால்வு கட்டுக்கடங்காமல் மின்சாரத்தை இழுக்கும். 20 மெகா ஓம் கசிவைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் வரிசை சரிவரக் காட்டாது. அதனால்தான் கண்டன்சர் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் அதை விட்டுவிட்டு, வால்வைச் சந்தேகிக்கிறார்.

சோதிக்கும் விதம் எளிது. 10 மெகா ஓம் உள்ளெதிர்ப்புள்ள டிஜிட்டல் மீட்டரை நேர்மின்னழுத்த வரிசையில் வைத்து, இஎல் 84-ஐக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் 2ஆம் காலுக்கும் (கிரிட்) சேசிஸுக்கும் இடையே அளக்க வேண்டும். வால்வு இல்லாத நிலையிலும் அங்கே பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறினால் குற்றவாளி கண்டன்சர்தான். வால்வு இல்லாதபோது பூஜ்யமாகவும், வால்வைச் செருகிச் சூடான பிறகு பாசிட்டிவாகவும் காட்டினால் வால்வின் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. வால்வைக் கழற்றினால் மற்ற இடங்களில் வோல்டேஜ் உயரும் என்பதால் இந்தச் சோதனையை விரைவாக முடித்துவிட வேண்டும். கண்டன்சர்தான் காரணம் என்று தெரிந்தால், அதே அளவில் 630 வோல்ட் தாங்கக்கூடிய பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் கண்டன்சரைப் போடச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். விலையும் ஒரு வால்வின் விலைக்கு அருகில்கூட வராது.

அந்தக் கண்டன்சர் சுத்தமாக இருந்தால் கேத்தோடு ரெசிஸ்டரையும் அதன் மேல் படுத்திருக்கும் எலக்ட்ரோலிட்டிக்கையும் பார்க்க வேண்டும். இரண்டு வால்வுகள் சிவந்து எரிந்த இடத்தில் ரெசிஸ்டர் சூட்டில் மதிப்பு மாறியிருக்கலாம், எலக்ட்ரோலிட்டிக் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஷார்ட் ஆனால் கேத்தோடு நேராகச் சேசிஸில் போய் நிற்கும், அடக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இந்த மூன்று பாகங்களும் சரியாகி, கேத்தோடில் 7 வோல்ட்டை ஒட்டி நிலையாக நிற்பதைக் கண்ட பிறகு, முதலில் கழற்றிய பழைய வால்வையே ஒருமுறை செருகிப் பாருங்கள். அது இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.

கேள்வி: என் வால்வு ஆம்ப்ளிஃபையரில் எப்போதும் உறுமல் கேட்கிறது. பெரிய கண்டன்சராகப் போட்டால் போய்விடும் என்றார்கள், போட்டும் போகவில்லை. எர்த் வயரைக் கழற்றினால் மட்டும் குறைகிறது. அப்படியே விட்டுவிடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: எர்த்தைக் கழற்றிவிட்டு ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் ஒருநாள் விட்டுப்போனால், சேசிஸையும் அதோடு இணைந்த ரெக்கார்டு பிளேயரின் உலோகக் கையையும் தொடுகிறவரின் உயிரைக் காக்க அந்த ஒரு கம்பிதான் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்கு இரண்டாவது யோசனை கூடாது.

எர்த்தைக் கழற்றினால் உறுமல் குறைகிறது என்பதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. ஆம்ப்ளிஃபையருக்கும், அதற்குச் சிக்னல் கொடுக்கும் கம்ப்யூட்டர் போன்ற சாதனத்துக்கும் தனித்தனியே எர்த் இருந்து, சிக்னல் கேபிளின் ஷீல்டு வழியாக அவை இரண்டும் வளையமாகச் சேரும்போது, அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடி உறுமலை உண்டாக்கும். சிக்னல் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வால்யூமைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். உறுமல் மறைந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபையரில் இல்லை. இரண்டு சாதனங்களையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுப்பதும், சிக்னல் வழியில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைப்பதும் தீர்வு.

கேபிளைப் பிடுங்கியும் உறுமல் நிற்கவில்லை என்றால் அதன் சுருதியைக் கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை ரெக்டிஃபையர் வால்வு இரு பாதியிலும் நேராக்கும்போது எஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். ஆகவே உறுமல் 100 ஹெர்ட்ஸாக, அதாவது ஒரு ஸ்தாயி மேலே சற்றுக் கூர்மையாக ஒலித்தால் ஃபில்டர் கண்டன்சர் காரணம். 50 ஹெர்ட்ஸாக, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஆழமாக ஒலித்தால் ஃபிலமென்ட் வயர்களிலிருந்தோ, ஃபிலமென்ட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே கசிவுள்ள வால்விலிருந்தோ வருகிறது. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதி பார்க்கும் செயலியை ஸ்பீக்கரின் அருகே பிடித்தால் எண்ணாகவே காட்டிவிடும். ஸ்பீக்கரில் கேட்காமல் பெட்டியிலிருந்தே ரீங்காரம் வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் தகடுகள் தளர்ந்து அதிர்வதன் ஓசை. போல்ட்டை முடுக்கினால் பெரும்பாலும் அடங்கும்.

பெரிய கண்டன்சர் போட்ட விஷயத்தில் உடனே கவனம் செலுத்த வேண்டும். ரெக்டிஃபையர் வால்வுக்கு அடுத்து நிற்கும் முதல் கண்டன்சருக்கு ஓர் உச்ச அளவு உண்டு: இஇசட் 81-க்கு 50 மைக்ரோஃபாரட், ஜிஇசட் 34-க்கு 60 மைக்ரோஃபாரட். அதற்கு மேல் போட்டால், கண்டன்சர் நிரம்பும் ஒவ்வொரு முறையும் வால்வு தாங்க முடியாத உச்ச மின்சாரத்தைக் கொடுக்க நேர்ந்து, உள்ளே பொறி அடித்துக் கெட்டுவிடும். 220 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் இன்றே பழைய அளவுக்குத் திரும்புங்கள். கூடுதல் வேண்டுமென்றால் அடுத்த நிலையில் உள்ள கண்டன்சரைக் கொஞ்சம் கூட்டலாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய என் மாமா ‘டைனகோ ஸ்டீரியோ 70’ ஆம்ப்ளிஃபையர் கொடுத்திருக்கிறார். நம் ஊர் மின்சாரத்தில் எப்படி ஓட்டுவது? எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? (வாசகர், சென்னை)

பதில்: 1959-ல் வெளிவந்து, பல்லாயிரம் பேர் தாங்களே பற்றவைத்துச் செய்துகொண்ட பெட்டி அது. நான்கு இஎல் 34, ஒரு ஜிஇசட் 34, இரண்டு 7199 வால்வுகள் இருக்கும். அமெரிக்க மின்சாரத்துக்காகச் செய்தது என்பதால் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. 500 விஏ திறனுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தரமானதாகப் பார்த்து வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், இரும்பில் காந்தப் பாய்வு 20 விழுக்காடு கூடிச் சூடு அதிகரிக்கும். ஆகையால் 120 வோல்ட் கொடுக்காமல் 110 வோல்ட் அளவில் நிறுத்துவது பாதுகாப்பு. அப்போது ஃபிலமென்ட்டுக்கு 5.9 வோல்ட் போல வரும், அது ஏற்கத்தக்க அளவுதான். சென்னையில் இரவு நேரத்தில் 240-க்கு மேல் ஏறும் பகுதியில் இருந்தால் ஸ்டெபிலைசரும் தேவை.

இந்தப் பெட்டியில் நான் முதலில் மாற்றச் சொல்வது, பயாஸ் வோல்டேஜை உண்டாக்கும் சிறிய செலினியம் ரெக்டிஃபையரை. நான்கு இஎல் 34-களையும் அடக்கி வைத்திருக்கும் நெகட்டிவ் வோல்டேஜ் அதன் வழியாகத்தான் வருகிறது. செலினியம் வயதானால் நலிந்து, வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே போகும். அது விட்டுப்போனால் நான்கு வால்வுகளும் ஒன்றாகச் சிவக்கும். ஒரு சாதாரண சிலிக்கான் டையோடும், பக்கத்திலுள்ள இரண்டு சிறிய எலக்ட்ரோலிட்டிக்குகளும் அந்த விபத்தைத் தடுத்துவிடும். அதன் பிறகு பயாஸை அமைக்க, முன்பக்கத்தில் உள்ள சோதனை முனையில் 1.56 வோல்ட் வரும்வரை கன்ட்ரோலைத் திருப்ப வேண்டும். அங்கே உள்ள ரெசிஸ்டர் 15.6 ஓம், ஆகவே 1.56 வோல்ட் என்பது ஒரு ஜோடி வால்வுக்கு 100 மில்லி ஆம்பியர். இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு: ஒரு வால்வு 70, மற்றது 30 எடுத்தாலும் மீட்டர் 1.56 என்றே காட்டும். எனவே பொருத்தம் பார்த்த ஜோடியாகவே இஎல் 34-களை வாங்க வேண்டும்.

7199 இப்போது அரிது. அதற்குப் பதிலாக 6ஜிஎச்8ஏ என்ற வால்வைப் போடலாம். கால்களின் வரிசை வேறு என்பதால் இடையில் ஓர் அடாப்டர் சாக்கெட் வேண்டும். நேரே செருகிவிடக் கூடாது.

கேள்வி: பழைய சிறிய ரெக்கார்டு பிளேயர் ஒன்றில் யூசிஎல் 82, யூஒய் 85 என்று இரண்டே வால்வுகள். கீழே உள்ள ஆணியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. பழுதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: அதன் அமைப்பே அப்படித்தான், அதனால் ஆபத்து குறையவில்லை. ‘யூ’ என்ற எழுத்தில் தொடங்கும் வால்வுகள் 100 மில்லி ஆம்பியரில் தொடராக எரிபவை. இவற்றைக் கொண்ட செட்டுகள் பெரும்பாலானவற்றில் மெயின்ஸைப் பிரித்துவைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு கம்பி நேராகச் சேசிஸில் சேர்ந்திருக்கும். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் சேசிஸ் நியூட்ரலில் இருக்கும், மாற்றிச் செருகினால் முழு 230 வோல்ட்டில் நிற்கும். அக்காலத் தயாரிப்பாளர்கள் திருகுகுமிழ்களின் சிறு ஆணித்துளையை மெழுகு வைத்து அடைத்ததற்கும், அடிப்பாகத்தை அட்டையால் மூடியதற்கும் இதுவே காரணம். உங்கள் பெட்டியில் அந்த அட்டையும் மெழுகும் போயிருக்கும்.

அதை ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே ஓட்டுங்கள். பழுது பார்க்கும் மேசையிலும் அது கட்டாயம். கைபேசியையோ கம்ப்யூட்டரையோ இதில் கேபிள் மூலம் இணைக்கவே கூடாது. மூடிகளைத் திரும்பப் பொருத்தாமல் வீட்டுக் கூடத்தில் வைக்கவும் வேண்டாம்.

கேள்வி: என் செட்டின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அறுந்துவிட்டது என்று உறுதியாகிவிட்டது. புதியது கிடைக்கவில்லை. மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் கொடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கொடுக்கலாம், அவர் பொறுமையானவராக இருந்தால். பிரிக்கும்போது சுற்றுகளை எண்ணிக்கொண்டே பிரிக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் எந்த வரிசையில் வருகிறது, நடுவில் என்ன காகிதம், கம்பியின் கனம் என்ன என்பதைப் படமாக வரைந்துகொள்ள வேண்டும். நல்ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரியும் (வால்வுப் பக்கச் சுற்று) செகண்டரியும் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) ஒன்றன்மேல் ஒன்றாக மொத்தமாகக் கட்டப்பட்டிருக்காது. துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். உச்ச ஸ்தாயி ஒலிகள் தெளிவாக வருவது அந்த அடுக்கினால்தான். எண்ணிக்கை சரியாக இருந்து அடுக்கை மாற்றிவிட்டாலும், கட்டியவருக்கு எந்தக் குறையும் தெரியாது, கேட்பவருக்கு ஒலி மந்தமாகத் தெரியும்.

இன்னொன்றை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் செட்டில் அவுட்புட் வால்வு ஒன்றே ஒன்று என்றால், இரும்புத் தகடுகளில் ‘ஈ’ வடிவத் தகடுகள் எல்லாம் ஒரு பக்கமும், ‘ஐ’ வடிவத் தகடுகள் எல்லாம் மறுபக்கமும் அடுக்கப்பட்டு, நடுவே ஒரு மெல்லிய காகிதம் வைக்கப்பட்டிருக்கும். ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தால் இரும்பு காந்தமாகி நிரம்பிவிடாமல் அந்தக் காகித இடைவெளிதான் தடுக்கிறது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கட்டிப் பழகியவர்கள் அதைக் குப்பை என்று எடுத்து எறிந்துவிட்டு, தகடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் தாழ்ந்த சுருதிகள் உதிர்ந்துபோகும். இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் செட்டாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று கோப்பதுதான் சரி.

கட்டி முடித்ததும் செகண்டரியில் 1 வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்துப் பிரைமரியில் என்ன வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 8000 ஓம் பிரைமரி, 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 31 அல்லது 32 வோல்ட் வர வேண்டும். 1 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம், மறுமுனையில் அது அதே விகிதத்தில் பெருகும். செட்டில் பொருத்தி ஓட்டியவுடன் ஸ்பீக்கர் பெரிதாக ஊளையிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். கட்டியதில் பிழை என்று எண்ணிப் பிரித்துவிட வேண்டாம்; செகண்டரியிலிருந்து முன் வால்வுக்குத் திரும்பிப்போகும் ஃபீட்பேக் தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். பிரைமரியின் இரு ஓர முனைகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் ஊளை நின்றுவிடும்.